ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மேம்பாடு: வீட்டு முற்றமா, பட்டறையா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசிச் சாலையில் கார்கள் அடி அடியாக நகரும். மே மாதம் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை வருத்துபவை இந்த இரண்டும்தான். மேட்டில் வண்டி தயங்கினாலோ, கியர் மாறும்போது உதைத்தாலோ, ‘கூலர் போடு’, ‘ஆயில் மாத்து’, ‘கிட் போடு’, ‘ரீமேப் பண்ணு’ என்று ஆளுக்கொரு யோசனை வரும். வீடியோவில் பார்த்தால் எல்லாமே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலைகளாகத் தெரியும்.

இவற்றில் சில வேலைகளை வீட்டிலேயே நன்றாகச் செய்யலாம். சிலவற்றில் அனுபவமுள்ள பட்டறைகளே தடுமாறும். கூலி எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. தவறு செய்தால் அது எப்போது தெரியவரும் என்பதைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதே கண்ணில் படும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். பெட்டிக்குள் ஒளிந்திருந்து ஓட்டத்தில் வெளிப்படும் தவறு, பெட்டியையே முடித்துவிட்டுத்தான் தன்னைக் காட்டும்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பெட்டி?

‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

1. ஏ.எம்.டி. இது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர்கள் செய்கின்றன. 2014இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவியது. இதில் ஏ.டி.எஃப். எனப்படும் சிவப்பு ஆயில் கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. கியர் ஆயில் கூலருக்கும் வேலை இல்லை.

2. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. இன்னோவா கிரிஸ்டா, 2022க்குப் பிந்தைய பிரெஸ்ஸா ஆகியவற்றின் 6-ஸ்பீட் பெட்டிகள் இந்த வகை. கூலர், வால்வு பாடி (ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் பாகம்), கன்வெர்ட்டர் என்று நாம் கேட்கும் மேம்பாடுகள் பெரும்பாலும் இதற்காகவே பிறந்தவை.

3. சி.வி.டி. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் எஃகு பெல்ட். ஹோண்டா சிட்டி இதற்குத் தெரிந்த உதாரணம்.

4. டி.சி.டி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச்சுகள். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வந்த 7-ஸ்பீட் பெட்டியில் இவை உலர்ந்த கிளட்ச்சுகள், அதாவது ஆயிலில் முழுகாதவை.

வண்டியோடு வந்த கையேட்டில் வகையும் ஆயில் பெயரும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். கிரிஸ்டாவுக்கு டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹூண்டாய் 6-ஸ்பீடுக்கு எஸ்.பி.-4, ஹோண்டா சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்.-2 என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில் உண்டு. நிறம் ஒன்றாக இருப்பதால் இதுவும் அதுவும் ஒன்றாகிவிடாது. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட்டுக்குத் தேவையான பிடிப்பு கிடைக்காமல் வழுக்கும்; கப்பியின் முகத்தில் கீறல் விழும். பிறகு சரியான ஆயிலை ஊற்றினாலும் அந்தக் கீறல் போகாது.

சூடு எங்கே பிறக்கிறது?

டார்க் கன்வெர்ட்டருக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே நின்று ஆயிலைத் தள்ளுகின்றன. ஒன்று எஞ்சினோடு சுற்றும், மற்றொன்று கியரோடு சுற்றும். இரண்டின் வேகத்திலும் உள்ள வித்தியாசம் முழுவதும் சூடாக மாறுகிறது. வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் ‘லாக்-அப்’ கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். வழுக்கல் நிற்கும், சூடும் குறையும்.

நான்கு வழிச்சாலையில் மதுரைக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் கியர் பாக்ஸ் நிம்மதியாக இருப்பது இதனால்தான். லாக்-அப் பூட்டியிருக்கும், முகப்பில் காற்றும் வேகமாக மோதும். அதே வண்டி ஏழு பேரோடு, ஏ.சி.யும் ஓட, புளியரைக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது லாக்-அப் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். காற்றும் இல்லை. பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறும் சாலையும் அப்படித்தான். ‘மதுரை வரை போய்ப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது இந்தச் சூட்டுக்குச் சோதனையே ஆகாது.

ஏ.டி.எஃப். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. கெட்ட ஆயில் வார்னிஷ் போல வால்வுகளில் படியும், ரப்பர் சீல்கள் இறுகும், அழுத்தம் குறையும், கிளட்ச் பிளேட் வழுக்கும், வழுக்கல் மேலும் சூட்டைக் கூட்டும். எனவே திருநெல்வேலிப் பக்கத்து டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு முதல் மேம்பாடு புது ஆயிலும் கூலரும். வீட்டில் செய்யத் தக்கவையும் இவைதான். செலவே இல்லாத இன்னொன்றும் உண்டு: மலை ஏறும்போது மேனுவல் முறைக்கு மாற்றி, தாழ்ந்த கியரில் நிறுத்தி ஓட்டுங்கள். எஞ்சின் சத்தம் கூடினாலும் கன்வெர்ட்டரின் வழுக்கல் குறையும்.

தீர்மானிக்கும் மூன்று கேள்விகள்

1. இந்த வேலைக்குப் பெட்டியைக் காரிலிருந்து இறக்க வேண்டுமா, அல்லது வால்வு பாடியைக் கழற்ற வேண்டுமா?
2. தவறு நேர்ந்தால், எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே அது கசிவாகவோ அளவாகவோ தெரியுமா?
3. முடித்தபின் கியர் பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் ‘கற்றுக்கொடுக்க’ வேண்டுமா?

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’ என்று வந்தால் வீட்டில் செய்யலாம். ஒன்று மாறினாலும் பட்டறைக்குப் போங்கள். இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை.

வீட்டு வேலை ஒன்று: ஆயில் மாற்றுவது

டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் முழு ஆயிலும் வராது. மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 40 விழுக்காடு போல இறங்கும். மீதி கன்வெர்ட்டரிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் 40 விழுக்காடு புது ஆயில். இடையில் ஓட்டிக் கலக்கவிட்டு இரண்டாம் முறை மாற்றினால் 64. மூன்றாம் முறை 78. மூன்று தடவைக்கு 10 லிட்டர் அளவுக்கு வாங்க வேண்டிவரும். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. சிமென்ட் தரையில், நான்கு பக்கமும் 3 டன் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். மண் முற்றத்தில் ஸ்டாண்ட் புதையும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் அளவு பொய் சொல்லும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

2. ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அதன் பிறகுதான் டிரெய்ன் போல்ட். ஊற்றும் போல்ட் இறுகிப்போய்த் திரும்பாமல் இருந்தால், காலிப் பெட்டியோடு வண்டி முற்றத்தில் நின்றுவிடும். அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

3. இறங்கிய ஆயிலை அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். அதே அளவு புதியதை ஊற்றுங்கள். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் புதியதாக இருக்கட்டும்.

4. அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு போன்ற மெல்லிய படிவு இயல்பானது. கையில் குத்தும் துணுக்கு, சுருள், மினுக்கும் சிம்பு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது; வேலையை அங்கேயே நிறுத்திப் பட்டறைக்கு அனுப்புங்கள். அடித்தட்டு போல்ட்டுகள் சிறியவை. பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் முறுக்க வேண்டும். சக்கர நட்டை முறுக்குகிற பலத்தைக் காட்டினால் தட்டின் விளிம்பு வளைந்து கேஸ்கெட்டில் ஒழுகும்.

5. எஞ்சினை ஓட்டி, பிரேக்கை அழுத்தியபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி நகர்த்துங்கள். பின் பார்க்கிங்கில் வைத்து, ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் கருவி) ஆயில் வெப்பநிலையைப் பாருங்கள். டொயோட்டா, ஐசின் (கியர் பாக்ஸ் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனம்) பெட்டிகளில் பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரி. ஹூண்டாய் 6-ஸ்பீடில் 50 முதல் 60. அந்த எல்லைக்குள், ஆயில் அளவு பார்ப்பதற்கென உள்ள போல்ட்டைத் திறந்தால் ஆயில் மெல்லிய நூலாக வந்து சொட்டாகக் குறைய வேண்டும். ஒன்றும் வராவிட்டால் குறைவு. கொட்டிக்கொண்டே இருந்தால் அதிகம்.

இந்த ஐந்தாவது படியில் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். மே மாதம் மதியம் வெளியில் நின்ற வண்டியின் ஆயில், எஞ்சினைத் தொடும் முன்பே 40 டிகிரியில் இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் 45ஐத் தாண்டிவிடும். சூடான ஆயில் விரியும். அப்போது பார்த்தால் நிறைவாகத் தெரியும், ஆறியபின் குறைவாக இருக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லா மலிவு ஸ்கேனரும் கியர் பாக்ஸ் வெப்பநிலையைக் காட்டாது. உங்கள் மாடலுக்குக் காட்டுகிறதா என்று உறுதி செய்துவிட்டு வாங்குங்கள். காட்டாவிட்டால் இந்த வேலையையும் பட்டறையில் விடுவதே சரி.

ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டிக்கு ஆயில் மாற்றுவது மருந்தல்ல. ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். புது ஆயில் ஊற்றிய மறுவாரம் வண்டி நின்றால் பழியை ஆயில் மீது போடுவார்கள். நோய் அதற்கு முன்பே முற்றியிருக்கும்.

கழிவு ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றியது தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும்.

வீட்டு வேலை இரண்டு: வெளிக் கூலர்

கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு ஹோஸ் போகும் வண்டிகளில் மட்டுமே இது வீட்டு வேலை. கூலன்ட் ஓடும் கூலர் பெட்டியின் மேலேயே பொருந்தியிருக்கும் மாடல்களில் தனி அடாப்டர் தேவை. அதைப் பட்டறைக்கு விடுங்கள்.

எந்த ஹோஸ் திரும்பும் வழி என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குளிர்ந்த வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டு இரண்டையும் வெப்பமானியால் பாருங்கள். முதலில் சூடேறுவது வெளியே போகும் வழி. கம்பெனிக் கூலரைத் தாண்டி, திரும்பும் வழியில் புதுக் கூலரை இணைக்க வேண்டும்.

தட்டு அடுக்கிய வகைக் கூலர், குழாய் வகையைவிட அதே அளவில் அதிகச் சூட்டை இறக்கும். ஹோஸ் உள்விட்டம் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.; ஏ.டி.எஃப்.க்கு என்றே குறித்த ஹோஸாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸ் சூட்டில் இறுகி வெடிக்கும். முனையில் 25 மி.மீ. ஏறும்வரை தள்ளி, விளிம்பு ரப்பரை வெட்டாத கிளாம்ப்பைப் போடுங்கள். சைலன்சரிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் ஹோஸ் விலகியே போகட்டும்.

கூலரை ஏ.சி. கண்டென்சரின் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் டை கோத்துக் கட்டும் முறை கடைகளிலேயே நடக்கிறது. இதைச் செய்யவே கூடாது. குலுங்கிக் குலுங்கிக் கண்டென்சர் குழாயை அறுக்கும், ஏ.சி. கேஸ் போய்விடும். லேத் பட்டறையில் ‘எல்’ வடிவ பட்டை இரண்டு செய்து, ரப்பர் வைத்து, ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போடுங்கள். கண்டென்சருக்கும் கூலருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பும் வைக்கோல் தூசும் பூச்சிகளும் அந்த இடுக்கில்தான் அடையும். கையும் தண்ணீரும் போக வழி வேண்டும்.

கூலருக்கும் ஹோஸுக்குமாக அரை லிட்டர் வரை கூடுதல் ஆயில் பிடிக்கும். பொருத்தியதும் பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 20 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும். அளவையும் முன் சொன்னபடி சரிபாருங்கள். கூலர் உண்மையில் பயன் தந்ததா என்பதை ஒரே ஏற்றத்தில், ஒரே சுமையோடு, முன்னும் பின்னும் ஸ்கேனரில் வெப்பநிலை குறித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வெள்ளத்துக்கு ஒரு சிறு வேலை

ஒவ்வொரு கியர் பாக்ஸுக்கும் மூச்சுக்குழாய் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போலத் தெருவில் தண்ணீர் ஏறி நின்றால், அதன் வழியே நீர் உள்ளே போகும். ஆயில் இளஞ்சிவப்புப் பால் போலாகும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பை ஒட்டியிருக்கும் பசையை நீர் கரைத்துவிடும். மூச்சுமுனை ஹோஸ் மாட்டக்கூடிய வடிவில் இருந்தால், ஒரு மெல்லிய ஹோஸை மாட்டி எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை ஏற்றி, நுனியை வளைத்துக் கீழ்நோக்கி விடலாம். அரை மணி நேர வேலை. முழுகிய வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

பட்டறையில் மட்டும்

வால்வு பாடி, ஷிஃப்ட் கிட். ஷிஃப்ட் கிட் என்பது ஸ்பிரிங்குகளை மாற்றி, பிரிப்புத் தகட்டின் துளைகளைப் பெரிதாக்கி, கியர் சட்டென்று விழச் செய்யும் தொகுப்பு. அமெரிக்காவின் பழைய ஹைட்ராலிக் பெட்டிகளுக்காக வளர்ந்தது. நம் வண்டிகளில் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொள்கிறது. இயந்திர மாற்றத்தோடு அது மல்லுக்கட்டும். நம் சாலைக்கு இது தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் முடிவு. பழுதுக்காகவே வால்வு பாடியைத் திறந்தாலும், சிறு உருண்டைகள் கீழே விழும். ஒன்று இடம் மாறினாலும் ஒரு கியர் இருக்காது.

டார்க் கன்வெர்ட்டர். பெட்டியை இறக்க வேண்டும். ஆளை நசுக்கும் எடை. மாட்டும்போது கன்வெர்ட்டர் மூன்று இடங்களில் உட்கார வேண்டும்: உள் தண்டு, ஸ்டேட்டர், பம்ப். மூன்றாவதில் உட்காராமலே போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடையும். முதல் ஸ்டார்ட்டிலேயே புதுப் பெட்டி பழுது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும்.

டி.சி.டி., ஏ.எம்.டி. கிளட்ச். உலர் டி.சி.டி.யில் இடைவெளியைத் தனிக் கருவியால் அளந்து ஷிம் எனும் மெல்லிய தகடு போட வேண்டும். இரண்டு வகையிலும் கிளட்ச் மாற்றியபின் அது கடிக்கும் புள்ளியை ஸ்கேனர் வழியே கற்றுக்கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் புதுக் கிளட்ச் உதைக்கும் அல்லது வழுக்கும். ஏ.எம்.டி.யில் மேட்டு நெரிசலில் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதித்து நின்றாலே கிளட்ச் ஆயுள் கூடும்.

ரீமேப். இது வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதுவது. எழுதும்போது பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டரே செயலிழக்கும். எஞ்சின் டார்க்கை (சுழற்றும் விசையை) கூட்டும் முன் கியர் பாக்ஸின் எல்லையையும் கேளுங்கள். மேலே சொன்ன போலோவின் 7-ஸ்பீட் பெட்டிக்கு அந்த எல்லை 250 நியூட்டன் மீட்டர்.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

1. ஆயில் அளவை வெப்பநிலை பார்த்து வைப்பீர்களா? ‘கண் பார்வையிலேயே தெரியும்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.
2. பெட்டியைப் பிரித்தால் கூலரையும் கழுவுவீர்களா, மாற்றுவீர்களா? பழைய துகள் கூலரில் தங்கினால் புதுப் பெட்டியை அதுவே கெடுக்கும்.
3. பாகம் யாருடையது? நீங்கள் வாங்கிக் கொடுத்த பாகம் கெட்டால் கூலியை இரண்டு முறை கொடுக்க நேரும். பாகமும் வேலையும் ஒரே கையில் இருந்தால் பொறுப்பும் ஒரே கையில் இருக்கும்.
4. பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? ஆயிலின் முழுப் பெயர், அளவு, கிலோமீட்டர் ஆகியவை பில்லில் வருமா?

வாரண்டி உள்ள வண்டியில் கூலர் மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மேனுவல் வண்டியை ஆட்டோமேட்டிக்காக மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

வழியில் நின்றால்

ஹோஸ் கழன்றால் பம்ப் சிறிது நேரத்திலேயே ஆயிலை வெளியே தள்ளிவிடும். புகை, எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி நகராமை ஆகியவை அறிகுறி. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, சக்கரம் சுற்றினால் கியர்கள் ஆயிலில்லாமல் தேயும். நான்கு சக்கரமும் ஏறும் பிளாட்பெட் வண்டியைத்தான் அழைக்க வேண்டும். மதுரையோ திருவனந்தபுரமோ போய்ப் பழுது பார்க்க நேர்ந்தால் திருநெல்வேலியிலிருந்து இரண்டுமே 150 கி.மீ.யை ஒட்டிய தொலைவு. வீட்டில் வேலையைத் தொடங்கும் முன்பே அந்த வண்டி வாடகையைக் கேட்டு வைத்து, மிச்சமாகும் கூலிக்கு எதிரே எழுதிப் பாருங்கள்.